ஊர் கொடுக்கும் உரிமை யாருக்கு?

படிவம் ஆறு படிக்கும் பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தாள். 'பெங்காஜியான் ஆம்' பாடத்துக்காக ஊராட்சி மன்றங்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆங்கிலத்தில் எதையோ தேடப்போய், பிரிட்டனில் ஒரு நகர மன்றம் ஒரு ராணுவப் படைப்பிரிவுக்கு 'ஃபிரீடம்' வழங்கியதாகப் படித்துவிட்டாள்.

"அண்ணா, சுதந்திரம்னா நாடுதானே கொடுக்கும்? நகராண்மைக் கழகம் எப்படிக் கொடுக்கும்? அதுவும் ராணுவத்துக்கு? அவங்கதானே நம்ம சுதந்திரத்தைக் காப்பாத்துறவங்க?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம் ஊர் நகராண்மைக் கழகம் என்றால் குப்பை லாரி, கார் நிறுத்தச் சம்மன், ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் மதிப்பீட்டு வரிக் கடிதம், சாய்ந்த கோபுரத்தைச் சுற்றிப் போடும் வண்ண விளக்குகள். இவ்வளவுதானே நமக்குத் தெரியும்? அது போய் ஒரு படைக்குச் சுதந்திரம் கொடுப்பதாவது! ஆனால் வரலாறு படிக்கிறேன் என்று பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டை ஓட்டிக்கொண்டிருப்பவன், "தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நாளை என்றது இரண்டு வாரமாகிவிட்டது. செமஸ்டர் விடுமுறையில் பாதி அதிலேயே போயிற்று. தேடத் தேட, அந்தக் கேள்வி இங்கிலாந்தில் நிற்காமல் நேரே தெலுக் இந்தானுக்கே வந்து சேர்ந்தது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். இங்கே 'ஃபிரீடம்' என்பது நாம் ஆகஸ்டு 31இல் கொண்டாடும் சுதந்திரம் அல்ல. நடுக்கால ஐரோப்பிய நகரங்களில் எல்லாரும் நினைத்தபடி கடை போட முடியாது. நகரத்தின் உரிமையாளர் பட்டியலில் பெயர் உள்ளவனே சுங்கம் கட்டாமல் வாணிபம் செய்யலாம், தொழிற்சங்கத்தில் சேரலாம், நகர நிர்வாகத்தில் வாய் திறக்கலாம். அந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் 'நகர உரிமை'. காலப்போக்கில் வாணிபச் சலுகை கரைந்துபோய் மரியாதை மட்டும் மிஞ்சியது. இன்று அதைக் கௌரவ நகர உரிமை என்று அறிஞர்களுக்கும் வீரர்களுக்கும் வழங்குகிறார்கள். படைப்பிரிவுகளுக்கு அதைப் பெருமளவில் வழங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான்.

படைக்கு அது கிடைத்தால் என்ன நடக்கும்? மூன்று காரியங்கள். பேரிகை முழங்க, கொடி பறக்க, துப்பாக்கி முனையில் குத்தீட்டி செருகியபடி அந்தப் படை நகரத் தெருக்களில் அணிவகுத்துச் செல்லலாம். நகரத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சுருள், சில வேளைகளில் ஒரு பேழையில் வைத்து, படைத் தளபதியிடம் கொடுக்கப்படும். அத்துடன் சரி. சம்பளம் கூடாது, வரி குறையாது, ஒரு கார் நிறுத்துமிடம்கூட இலவசமாகக் கிடைக்காது.

பின் எதற்கு இத்தனை ஆரவாரம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விடை அந்தக் குத்தீட்டியில் இருக்கிறது. ஒரு காலத்தில் நகரங்கள் ஆயுதம் தாங்கிய படையைக் கண்டு அஞ்சின. சொந்த அரசனின் படையே ஆனாலும் அது நகருக்குள் வந்தால் சோறு போட வேண்டும், வீட்டில் இடம் கொடுக்க வேண்டும், கோழியும் காணாமல் போகும், சில வேளை பெண்களின் மானமும் போகும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் அந்த அச்சத்தை இன்னும் ஆழமாக்கியது. ஆகவே நகர வாசலில் படை நிற்க வேண்டும், கொடியைச் சுருட்ட வேண்டும், பேரிகையை நிறுத்த வேண்டும் என்று நகரங்கள் வற்புறுத்தின. அப்படிப்பட்ட ஒரு நகரம் ஒரு படையைப் பார்த்து, "நீ ஆயுதத்தோடு உள்ளே வா, உன்னைக் கண்டு எங்களுக்குப் பயமில்லை" என்று சொல்வதுதான் இந்த விருது. ஆயுதம் இல்லாதவன் ஆயுதம் உள்ளவனுக்குக் கொடுக்கும் நம்பிக்கைப் பத்திரம் அது.

எனக்கு இந்த வழக்கம் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். அதைவிடப் பிடித்தது அதற்கான நடைமுறை. இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, கௌரவ நகர உரிமை கொடுக்க வேண்டுமானால் அதற்கென்றே தனிக் கூட்டம் கூட்ட வேண்டும்; வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். (சட்டம் பேசுவது தனி மனிதர்களைப் பற்றி. படைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வழக்கத்தால் வளர்ந்தது.) கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் உண்டு. ரோஹிங்கியா மக்களுக்கு நேர்ந்த கொடுமையின்போது வாய் மூடியிருந்தார் என்று ஆங் சான் சூச்சிக்குக் கொடுத்த நகர உரிமையை ஆக்ஸ்ஃபர்ட் நகர மன்றம் 2017இல் பறித்துக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இந்த உரிமையைப் பெற்ற படைகளின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பெயர்கள் என்னை நிறுத்தின. ஒன்று லெஸ்டர்ஷர் படைப்பிரிவு. அதற்கு லெஸ்டர் நகரம் உரிமை வழங்கியது. மற்றொன்று கிழக்கு சர்ரே படைப்பிரிவு. அதற்குத் தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்டன் நகரம் வழங்கியது. இந்த இரு படைகளின் பெயரையும் பேராக்காரர்களான நாம் மறக்கக் கூடாது. 1941 டிசம்பரில் வடக்கே ஜப்பானியர்களிடம் அடிமேல் அடிபட்டுப் பாதியாகிப்போன இவ்விரு பட்டாளங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'பிரிட்டிஷ் பட்டாளம்' என்று ஒன்றை அமைத்தார்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் நடந்த போரில் மலைச்சரிவில் நின்று தாக்குப்பிடித்தது அந்தப் பட்டாளம்தான். மலாயாப் போர் முழுவதிலும் ஜப்பானியப் படையைச் சில நாள்களாவது திணற வைத்த இடங்கள் குறைவு. கம்பார் அவற்றில் ஒன்று.

கம்பாரை ஏன் கைவிட்டார்கள் தெரியுமா? நம் ஊரால்தான். மலையில் முட்டி மோதிப் பயனில்லை என்று கண்ட ஜப்பானியர்கள் கடல் வழியாகவும் பேரா ஆற்று வழியாகவும் படகுகளில் இறங்கினார்கள். 1942 ஜனவரி முதல் இரு நாள்களில் ஊத்தான் மெலிந்தாங்கிலும், அப்போது தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட நம் ஊரிலும் அவர்கள் கரையேறினார்கள். பின்பக்கச் சாலை துண்டிக்கப்படும் என்ற நிலையில் கம்பாரிலிருந்து பின்வாங்க உத்தரவு வந்தது. நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் அதே ஆற்றங்கரைதான். 1885இல் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டிய கோபுரம் அப்போதும் சாய்ந்துகொண்டே நின்று அதைப் பார்த்திருக்கும். பள்ளியில் கோபுரத்தின் மாடிகள் எத்தனை, படிகள் எத்தனை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். இந்தக் கரையேற்றத்தைப் பற்றி ஒரு வரியும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, லெஸ்டர்காரர்களுக்கு லெஸ்டர் இருந்தது. சர்ரேக்காரர்களுக்குக் கிங்ஸ்டன் இருந்தது. அதே கம்பாரில், ஜனவரி 2ஆம் நாள், பறிபோன அகழியை மீட்கக் குத்தீட்டியோடு பாய்ந்து ஓடியது எட்டாம் பஞ்சாப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு சீக்கியக் கம்பெனி. பெரும்பகுதியினர் அங்கேயே விழுந்தார்கள். அவர்களுக்கு எந்த ஊர் சுருள் எழுதிக் கொடுத்தது? அவர்களின் ஊர்களில் நகரத் தலைவரும் இல்லை, பேழையும் இல்லை. தைப்பிங்கில் புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சாலைக்கு ஒருபுறம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபுறம் மற்ற சமய வீரர்கள். 800க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. பள்ளிச் சுற்றுலாவில் தைப்பிங் போனால் ஏரித் தோட்டமும் மிருகக்காட்சிச் சாலையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். இடையில் அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம்.

கௌரவம் என்பது வீரத்தை மட்டும் பார்த்துப் போவதில்லை. அது முகவரியைப் பார்த்தும் போகிறது. இதை எழுதும்போது என் பாட்டியின் அண்ணன் நினைவுக்கு வருகிறார்.

பாட்டி பிறந்து வளர்ந்தது தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அது செம்பனைத் தோட்டம். லயங்கள் இருந்த சுவடுகூட இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் லாரி வந்து நின்றதாம். "மூணு மாச வேலை, அரிசி கொடுப்பாங்க" என்று கிராணி சொன்னாராம். அண்ணன் ஏறிப் போனார். அவ்வளவுதான். பாட்டி கடைசிவரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. "செத்ததை யாரு பார்த்தா?" என்பதே அவர் கேள்வி.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். பதிவான இறப்பே ஏறத்தாழ 30,000. பதிவாகாதது இதற்கு மேல். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புல் வெட்டிப் பூச்செடி நட்ட கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம்மவர்களுக்கு அங்கே தமிழில் எழுதிய நடுகல் ஒன்று எழுந்தது 2023இல். எண்பது ஆண்டு கழித்து! அதையும் எந்த அரசாங்கமும் முன்னின்று செய்யவில்லை. தமிழர் அமைப்புகள் முயன்று வைத்தவை அவை.

அவர்கள் படை அல்ல. ஆகவே கொடி இல்லை, தளபதி இல்லை, சுருளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஓர் அலுவலகமும் இல்லை. ஊர் மரியாதை செய்ய நினைத்தாலும் யார் கையில் கொடுப்பது? படைப்பிரிவு என்பது சாகாத ஒரு பெயர். ஆள்கள் போனாலும் பெயர் இருக்கும். நூறு ஆண்டு கழித்தும் மாலை போடலாம். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சாகாத பெயர் கிடையாது. தோட்டமே விற்கப்பட்டுவிட்டால் அவன் வாழ்ந்த முகவரியும் போய்விடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். படை என்றாலே பேராவில் வாழ்ந்த நம் முன்னோர்களுக்குப் பெருமிதம் மட்டும்தான் இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். 1948 முதல் 1960 வரை அவசர காலம். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவு ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. நம் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் 1952 மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கி 12 பேரைக் கொன்றபோது, புதிதாக வந்திருந்த ஜெனரல் டெம்ப்ளர் தண்டித்தது ஊரையே. ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. சிலாங்கூரின் பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஆயுதமில்லாத 24 கிராமவாசிகளைச் சுட்டுக் கொன்றது ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் படை. பொது விசாரணை வேண்டும் என்று உறவினர்கள் லண்டனின் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2015இல் கோரிக்கை தள்ளுபடியானது. மறுபுறம், அதே அவசர காலத்தில் கம்யூனிஸ்டுகளின் தோட்டாவுக்கு இரையான தோட்டத் தமிழர்களும் உண்டு. தங்களைக் காக்க வந்த படைவீரனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த லயத்துப் பெண்களும் உண்டு. "உன்னைக் கண்டு எங்களுக்குப் பயமில்லை" என்று ஓர் ஊர் சொல்வதற்கு முன், அந்த ஊரில் யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் விடுமுறையைத் தின்ற தேடலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வியப்பு ஒரு குடும்பம். ஒரே வீட்டுக்குள் படையும் ஊராட்சி மன்றமும் வந்து உட்கார்ந்திருந்த குடும்பம்.

1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். முழுக்க முழுக்கப் பெண்களின் படை. தலைவி கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். பலர் தோட்டத்துப் பிள்ளைகள். ஈப்போவிலிருந்து சேர்ந்த ராசம்மா, பின்னாளில் பலரும் அறிந்த கல்வியாளர் ராசம்மா பூபாலன், அப்போது 16 வயதுச் சிறுமி. கோலாலம்பூரிலிருந்து சேர்ந்தவர் ஜானகி தேவர், வயது 18. படையில் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது குண்டு வீச்சுக்கு நடுவே பேங்காக்கை நோக்கி நடந்தவர்களில் அவரும் ஒருவர். நம்மில் 18 வயதினர் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டுச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அந்தப் படைக்கு எந்த நகரம் உரிமைச் சுருள் கொடுத்தது? இந்தியத் தேசிய இராணுவத்துக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் 1945இலேயே தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வந்தது 1995இல். ஜானகிக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது 2000இல். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அந்தப் படை ஜப்பானியரோடு தோள் சேர்ந்து நின்ற அதே ஆண்டில்தான் ஜப்பானியர்கள் என் பாட்டியின் அண்ணனை லாரியில் ஏற்றினார்கள். சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வீரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துபோகும்.

அந்த ஜானகி மணந்துகொண்டவர் ஆதி நாகப்பன். 1965இல் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்ற செனட்டர் அவர்தான். பெங்காஜியான் ஆம் புத்தகத்தில் 'ஆதி நாகப்பன் அறிக்கை' என்று வரும் பெயரை மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்று எத்தனை பேர் கவனித்தீர்கள்?

ஆணையம் அமைத்த அதே 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதற்கு முன் நம் நாட்டில் அந்தத் தேர்தல்கள் நடந்தன. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் வாக்களித்தார்கள். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தையே வென்று நடத்தியது. ஆதி நாகப்பன் ஆணையத்தின் அறிக்கை 1971இல் வெளியானது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்றது அது. ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்றும் தெலுக் இந்தான் உட்பட எல்லா மன்றங்களிலும் உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். குறைந்தது 8 பேர், மிஞ்சினால் 24 பேர். பினாங்கு மாநிலம் மீண்டும் தேர்தல் நடத்த முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை.

இப்போது தங்கையின் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். ஓர் ஊர், தன் பெயரால், ஒரு படைக்கு நம்பிக்கைப் பத்திரம் கொடுக்கிறது என்றால், அந்த ஊருக்காகக் கையெழுத்துப் போடுவது யார்? நான் வாக்களித்து அனுப்பாத ஒருவர் என் பெயரால், "எங்களுக்குப் பயமில்லை" என்று எழுதிக் கொடுக்கலாமா? நியமன உறுப்பினர்களில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டபோது மழையில் குடை பிடித்து வந்து நின்ற கவுன்சிலரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கால்வாய்க்குப் பதில் சொல்வது வேறு. ஊரின் நினைவுக்குப் பதில் சொல்வது வேறு. உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் இனப் பூசல் வளரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை ஏளனம் செய்ய மாட்டேன்; நகரமும் கிராமமும் ஒரே இனக் கலவையில் இல்லாத நாட்டில் அது எழத்தான் செய்யும். அதற்காக 60 ஆண்டுகளாக ஒரே விடையோடு உட்கார்ந்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் தாய்மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விருதைப் பற்றி அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, தேநீரை ஆற்றிக்கொண்டே, "பேரணி நல்லாத்தான் இருக்கும். வெயில்ல நிக்கிறது யாரு?" என்றார். பிறகு, முழுச் சேவைக்காலம் முடியாமல் வெளியே வந்து ஓய்வூதியம் இல்லாமல் பாதுகாவலர் வேலை பார்க்கும் தம் நண்பர்களைப் பற்றிப் பேசினார். விருதைப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் இல்லை.

அவர் பேச்சு கூர்க்காக்களை நினைவூட்டியது. பிரிட்டனில் பல நகரங்கள் கூர்க்காப் படைகளுக்கு இந்த உரிமையை வழங்கியிருக்கின்றன. குத்தீட்டியோடு தெருவில் நடக்கலாம் என்று அனுமதித்தார்கள். அதே நாட்டில், 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்குக் குடியிருக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. நடிகை ஜோஆனா லம்லி முன்னின்று நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, 2009 மே மாதத்தில்தான் நான்கு ஆண்டாவது பணியாற்றியவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. ஆனால் ஒன்று: கூர்க்காக்களுக்காகத் தெருவில் இறங்கியவர்களில் அந்த அணிவகுப்புகளைக் கைதட்டி ரசித்த நகரவாசிகளும் இருந்திருப்பார்கள். வெறும் சடங்கு என்று நாம் தள்ளுவது, "இவர்கள் நம்மவர்கள்" என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் விதைத்திருக்கவும் கூடும். ஆகவேதான் இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தெலுக் இந்தானில் அப்படி ஒன்று நடந்தால் நான் போய்ப் பார்ப்பேன். கோபுரத்தைச் சுற்றி நம் நாட்டுப் படை ஒன்று பேரிகையோடு வருவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். வெள்ளத்தில் படகு கொண்டுவரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர், ஈபான் எல்லாரும் உண்டு. ஆனால் அதற்கு முன் அந்தத் தனிக் கூட்டம் நடக்க வேண்டும். ஏன் இந்தப் படை, இந்த ஊருக்கு அது என்ன செய்தது, இந்த ஊர் யாரை விட்டுவிட்டது என்று ஆளாளுக்கு எழுந்து பேசி, அது எழுத்தில் பதிவாக வேண்டும். அங்கே யாராவது ஒருவர் எழுந்து ஊத்தான் மெலிந்தாங்கில் படகு வந்த நாளைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் லாரி வந்த நாளைச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், அணிவகுப்பைவிட அந்தக் கூட்டத்துக்குத்தான் முதல் வரிசை நாற்காலி வேண்டும் என்பேன்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லி முடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. அவள் குறிப்புப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு அவ்வளவு போதும் என்றாள். எனக்குச் சற்று ஏமாற்றம். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணா, நம்ம நகராண்மைக் கழகம் கூட்டம் போடும்ல? அதுக்கு நாம போய் உட்காரலாமா?"

அன்றிரவு சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 23ஆம் பிரிவு. மன்றமே தீர்மானம் போட்டு மறுத்தாலொழிய, கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. வாட்சப்பில் அனுப்பினேன். "எப்போ கூட்டம்னு யாரைக் கேக்குறது?" என்று பதில் வந்தது. திங்கட்கிழமை காலை இருவரும் போய்க் கேட்கப் போகிறோம்.